மீட்டர் வைத்ததும் சிவந்த வால்வு

ஆம்ப்ளிஃபயரின் அந்த வால்வை, அதாவது ஒலியைப் பெருக்கும் கண்ணாடி வெற்றிடக் குழாயை, சுட்டுக் கெடுத்தது நான்தான். ஆம்ப்ளிஃபயரில் ஒரு குறையும் இல்லை, நன்றாகவே பாடிக்கொண்டிருந்தது. பயாஸ், அதாவது வால்வின் ஓட்டத்தை அடக்கிவைக்க அதன் கிரிட் என்ற கம்பி வலைக்குக் கொடுக்கும் எதிர் மின்னழுத்தம், சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அடித்தட்டைக் கழற்றினேன். வினை அங்கே தொடங்கியது.

பக்கத்துக்கு இரண்டாக நான்கு இஎல் 34 வால்வுகள் கொண்ட ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் அது. கையில் இருந்தது பழைய முள் மீட்டர். கறுப்பு முனையையும் சிவப்பு முனையையும் மாற்றிப் பிடித்து, 50 வோல்ட் அளவில் வைத்து, ஒரு வால்வின் கிரிட் காலைத் தொட்டேன். மைனஸ் 40 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் முள் 33-இல் நின்றது. 'அடடா, பயாஸ் இவ்வளவு குறைவாகவா இருக்கிறது' என்று நினைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தால், வால்வுக்குள் எலக்ட்ரான்கள் வந்து சேரும் உலோகத் தகடான பிளேட்டின் பக்கவாட்டில் ஒரு சிவப்புத் திட்டு. பதறிப்போய் முனையை எடுத்தேன். சிவப்பு மெல்ல மங்கியது. மறுபடி வைத்தேன். மறுபடி சிவந்தது. இதை மூன்றாவது முறையும் செய்து பார்த்த பிறகுதான், வால்வைச் சிவக்க வைப்பதே என் மீட்டர் என்பது மண்டையில் ஏறியது.

கணக்கு மிக எளியது. அதற்கு முன்னால் போட்டுப் பார்க்காததுதான் தப்பு. அந்த மீட்டர் வோல்ட்டுக்கு 20,000 ஓம் என்ற வகை. 50 வோல்ட் அளவில் அதன் உள்தடை 10 லட்சம் ஓம், அதாவது 1 மெகா ஓம். கிரிட்டுக்குப் பயாஸ் வந்து சேர்வதோ 220 கிலோ ஓம் மின்தடை வழியாக. முனையை வைத்ததும் இவை இரண்டும் மின்னழுத்தத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன: மைனஸ் 40 என்பது மைனஸ் 33-க்கு அருகில் வந்துவிடுகிறது. மீட்டர் பொய் சொல்லவில்லை. அது தொட்டுக்கொண்டிருக்கும் வரை அங்கே இருந்தது 33 வோல்ட்தான்.

ஏழு வோல்ட் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். கிரிட்டில் ஒரு வோல்ட் மாறினால் பிளேட் மின்னோட்டம் 11 மில்லி ஆம்பியர் மாறும் என்பது இஎல் 34-இன் தரவுத்தாள் கணக்கு. அது 100 மில்லி ஆம்பியர் ஓடும்போது. சும்மா இருக்கும் நிலையில் அதில் பாதி என்று வைத்தாலும், ஏழு வோல்ட் இழப்பு 40 மில்லி ஆம்பியர் கூடுவதற்குச் சமம். பிளேட்டில் 440 வோல்ட் நிற்கும்போது 40 ஓடிய இடத்தில் 80 ஓடினால் 35 வாட். இஎல் 34-இன் பிளேட் தாங்குவது 25 வாட். சிவக்காமல் என்ன செய்யும்?

இப்போதைய டிஜிட்டல் மீட்டர்கள் பெரும்பாலும் 10 மெகா ஓம் உள்தடை கொண்டவை. இந்த அளவுக்கு அநியாயம் செய்யமாட்டா. இருந்தாலும் 220 கிலோ ஓம் மின்தடைக்குப் பின்னால் நின்று அளந்தால், அவையும் ஏறக்குறைய ஒரு வோல்ட்டைத் தின்றுவிடும். பயாஸ் மின்னழுத்தத்தை அளக்க வேண்டுமானால் கிரிட் மின்தடையின் மறுமுனையில், பயாஸ் வந்து சேரும் பக்கத்தில் அளப்பதே என் வழக்கமாகிவிட்டது. கிரிட் காலில் ஒரு மீட்டர் நீள ஒயரைத் தொங்கவிடுவது ஆன்டெனா கட்டுவது போலத்தான். ஆம்ப்ளிஃபயர் காதுக்குக் கேட்காத அதிர்வெண்ணில் ஊளையிடத் தொடங்கினாலும் வியப்பில்லை.

அன்று பிடித்துக்கொண்ட ஒரு கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை. மீட்டர் காட்டும் எண் எதனுடைய எண்? பயாஸ் அளப்பதில் நான் செய்த பிழைகள் எல்லாம், எண்ணைப் பார்த்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்காமல் போனதால் வந்தவை.

முதலில், மின்னழுத்தத்தை அளந்து பயாஸ் சரி என்று முடிவு கட்ட முடியாது. ஒரே தயாரிப்பு, ஒரே பெட்டி, ஒரே நாளில் வாங்கிய இரண்டு வால்வுகளுக்கு அதே மைனஸ் 40 வோல்ட் கொடுங்கள். ஒன்றில் 34 மில்லி ஆம்பியர் ஓடும், மற்றொன்றில் 45 ஓடும். கிரிட்டில் இருக்கும் எதிர் மின்னழுத்தம் கேத்தோடிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்களை இழுத்துப் பிடிக்கும் கடிவாளம். குதிரைக்குக் குதிரை பிடி வேறு. ஓட்டம் மிஞ்சினால் பிளேட் வெந்துபோகிறது. மிகவும் இறுக்கினால், ஒலி அலையைப் பாதி பாதியாகச் சுமக்கும் ஜோடியில் ஒரு வால்வு ஓய்ந்து மறு வால்வு எழும் இடைவெளியில் ஒலி கரகரப்பாகிறது, குறைந்த சத்தத்தில் கேட்கும்போது அது நன்றாகவே தெரியும். ஆகவே அளக்க வேண்டியது மின்னோட்டத்தை.

பெயர் சூட்டியவர்களின் குறும்பைப் பாருங்கள்: திருகு வைத்துத் திருத்த வேண்டிய ஏற்பாட்டுக்கு 'நிலையான பயாஸ்' என்று பெயர். யாரும் கை வைக்கத் தேவையில்லாமல் கேத்தோடு மின்தடையால் தன்னைத் தானே சரிசெய்துகொள்வதற்கு 'தன் பயாஸ்'. இரண்டாவது வகையில் வேலை சுலபம். கேத்தோடு மின்தடையின் குறுக்கே உள்ள மின்னழுத்தத்தை அதன் ஓமால் வகுத்தால் ஓட்டம் வந்துவிடும். 470 ஓம் மின்தடையில் 33 வோல்ட் என்றால் 70 மில்லி ஆம்பியர். அந்த மின்தடையை இரண்டு வால்வுகள் பகிர்ந்துகொண்டால் தலைக்கு 35. இனி நான் சொல்வது பெரும்பாலும் முதல் வகையைப் பற்றியது.

பாதுகாப்பான முறை, ஒவ்வொரு வால்வின் கேத்தோடுக்கும் எர்த்துக்கும் நடுவில் 1 ஓம் மின்தடை வைப்பது. அதன் குறுக்கே 1 மில்லி வோல்ட் என்றால் 1 மில்லி ஆம்பியர், மனக்கணக்கே வேண்டாம். மீட்டர் முனைகள் உயரழுத்தத்தின் பக்கம் போவதே இல்லை. இந்த மின்தடைகளை வாங்கி வந்த அன்று ஒவ்வொன்றையும் மீட்டரில் வைத்துப் பார்த்தேன். எல்லாம் 1.3 ஓம் காட்டின. ஒரு சதவீதத் துல்லியம் என்று விற்றவரை மனத்துக்குள் நன்றாகத் திட்டிவிட்டு, தற்செயலாக மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று சேர்த்தேன். 0.3 ஓம். மின்தடையோடு என் மீட்டரின் ஒயர்களையும் சேர்த்தல்லவா அளந்திருக்கிறேன்! சாதாரண மீட்டரால் 1 ஓமை நம்பும்படி அளக்க முடியாது என்பதை அப்போதுதான் கற்றேன். முனைகளைச் சேர்த்துக் கிடைப்பதைக் கழித்துக்கொள்ள வேண்டும், அல்லது மின்தடையில் அச்சிட்டதை நம்பிவிட வேண்டும். 10 ஓம் மின்தடை வைத்தால் இந்தத் தொல்லை குறையும். எண்ணைப் பத்தால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான்.

மின்தடைகளைப் பற்றவைத்து முடித்து, பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவில் 440 வோல்ட் இருப்பதைக் குறித்துக்கொண்டு கணக்குப் போட்டேன். பிளேட் தாங்கும் 25 வாட்டில் வழக்கமான வரம்பு 70 சதவீதம், அதாவது 17.5 வாட். அதை 440-ஆல் வகுத்தால் 39.8. கேத்தோடில் 40 மில்லி வோல்ட் வரும்வரை திருகினேன். மனத்துக்கு நிறைவாக இருந்தது. ஆனால் நான் வைத்தது 70 சதவீதம் இல்லை.

கேத்தோடிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள் அத்தனையும் பிளேட்டுக்குப் போய்ச் சேர்வதில்லை. ஒரு பகுதியை, பிளேட்டுக்கு முன்னால் நிற்கும் இன்னொரு கம்பி வலையான ஸ்கிரீன் கிரிட் வழியிலேயே பிடித்துக்கொள்கிறது. இஎல் 34 ஐந்து மின்முனைகள் கொண்ட பென்டோடு வகை. அதன் ஸ்கிரீன் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் எடுத்துக்கொள்ளும். நான் அளந்த 40-இல் 5 ஸ்கிரீனுடையது. பிளேட்டில் ஓடியது 35 மட்டும். அதாவது 62 சதவீதம். பிளேட்டில் 40 வேண்டுமானால் கேத்தோடில் 45 அருகில் காட்ட வேண்டும். 1936-இல் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் கொண்டுவந்த 6எல்6 போன்ற, எலக்ட்ரான்களைக் கற்றையாகக் குவிக்கும் வகை வால்வுகளில் ஸ்கிரீனின் பங்கு இதைவிடக் குறைவு. ஸ்கிரீனுக்குத் தொடர் மின்தடை இருந்தால் ஊகமே தேவையில்லை: அதன் குறுக்கே உள்ள மின்னழுத்தத்தை அதன் ஓமால் வகுத்தால் ஸ்கிரீன் ஓட்டம் கிடைத்துவிடும். ஆனால் அங்கே முனை வைப்பது உயரழுத்தத்தில் கை வைப்பது என்பது நினைவில் இருக்கட்டும்.

இந்தப் பிழை நல்ல பக்கத்தில் விழும் பிழை. வால்வு கொஞ்சம் குளிர்ச்சியாக ஓடும், நீண்ட நாள் உழைக்கும். ஆகவே இதைத் தெரிந்துகொண்டும் கேத்தோடு எண்ணையே பிளேட் எண்ணாக வைத்துக்கொள்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அந்த 70 சதவீதமும் ஒன்றும் சாசனம் இல்லை. தள்ளு இழு என்ற ஜோடி அமைப்பில், சிறிய ஒலிக்கு இரண்டு வால்வும் சேர்ந்தே உழைக்கும் ஏபி வகுப்பில் ஓடும் வால்வுகளுக்கு இதற்கு மேல் போகாதே என்று சொல்லும் வரம்பு அது. 60-இல் வைத்து நன்றாகக் கேட்கிறது என்றால் 60-இலேயே விட்டுவிடுவேன்.

ஸ்கிரீனை ஒதுக்கிப் பிளேட் ஓட்டத்தை மட்டும் அளக்க வேண்டும் என்ற ஆசை வந்தபோது வால்வுகளுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் நிற்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குப் போனேன். முதன்மைச் சுற்றில் உயரழுத்தம் வந்து சேரும் நடுமுனைக்கும் பிளேட்டுக்கும் நடுவில் உள்ள கம்பிக்கு ஒரு தடை இருக்கிறது. அதை முன்பே அளந்து வைத்துக்கொண்டு, ஓடும்போது அதன் குறுக்கே விழும் மின்னழுத்தத்தை வகுத்தால் பிளேட் ஓட்டம். என் டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு பாதி 92 ஓம், மறுபாதி 104 ஓம். இது கோளாறு இல்லை. சுருள் மேல் சுருளாகச் சுற்றும்போது வெளிச்சுற்றுக்குக் கம்பி அதிகம் தேவைப்படுகிறது. இரண்டு பாதிக்கும் ஒரே எண்ணைப் போட்டு வகுப்பவர்கள் ஏமாந்துபோவார்கள்.

நான் வேறு விதமாக ஏமாந்தேன். 92 ஓம் பாதியில் 3.9 வோல்ட் விழுந்தது. வகுத்தால் 42.4 மில்லி ஆம்பியர். கேத்தோடோ 43.5 காட்டியது. அப்படியானால் ஸ்கிரீனுக்கு 1 மில்லி ஆம்பியர்தானா? இருக்கவே முடியாது. இரண்டு மாலைகள் மண்டையைக் குடைந்தது இது. விடை, செம்பில் இருந்தது. செம்பின் தடை ஒரு டிகிரி செல்சியஸுக்கு 0.39 சதவீதம் கூடும். நான் 92 ஓம் என்று அளந்தது ஆறிக் கிடந்த டிரான்ஸ்ஃபார்மரில். ஒரு மணி நேரம் ஓடிய பிறகு அணைத்து, மின்தேக்கிகள் இறங்கியதை உறுதிசெய்துகொண்டு, சூடு தணிவதற்குள் அளந்தால் 101. இப்போது 3.9-ஐ 101-ஆல் வகுத்தால் 38.6. மீதி ஏறக்குறைய 5 ஸ்கிரீனுக்கு. கணக்கு நேரானது.

இந்த முறையில் மீட்டரின் இரு முனைகளும் 440 வோல்ட்டில் நிற்கின்றன. திரையில் தெரிவதோ வெறும் 3.9. அந்தச் சிறிய எண்தான் ஆபத்து, கை அலட்சியமாகிவிடும். ஆகவே ஆம்ப்ளிஃபயரை அணைத்து, மின்தேக்கிகளில் தேங்கியதை ஒரு மின்தடை வழியாக இறக்கி, இறங்கிவிட்டதா என்று அளந்து பார்த்த பிறகே கிளிப்புகளை மாட்டுவேன். பிறகு கையை எடுத்துவிட்டு மின்சாரம் கொடுப்பேன். ஓடும்போது எதையாவது தொட்டே ஆக வேண்டுமானால் ஒரு கை சட்டைப் பையில். ஸ்பீக்கரோ அதற்கு ஈடான மின்தடையோ இணைக்காமல் ஆம்ப்ளிஃபயரை ஏற்றுவதே இல்லை. மின்தேக்கி தானாக இறங்கியிருக்கும் என்று நம்புவதையும் விட்டுவிட்டேன். இறக்கிவிடும் மின்தடை உள்ளே இருந்தும், அது அறுந்துபோயிருந்த ஆம்ப்ளிஃபயர் ஒன்றைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவதாக ஒரு முறை உண்டு. மீட்டரை மில்லி ஆம்பியரில் வைத்து, டிரான்ஸ்ஃபார்மரின் அந்தப் பாதிக்குக் குறுக்கே நேராகப் போட்டுவிடுவது. மீட்டரின் உள்தடை சில ஓம்தான் என்பதால் ஓட்டத்தின் பெரும்பகுதி சுருளை விட்டுவிட்டு மீட்டர் வழியாகப் போகும். வகுத்தலே வேண்டாம், நேரடி எண். ஒரு காலத்தில் இதை மிகவும் ரசித்தேன். ஒருநாள் ஓட்டத்தை அளந்து முடித்து, பிளேட் மின்னழுத்தத்தையும் பார்த்துவிடலாம் என்று மீட்டரின் திருகியை வோல்ட்டுக்குத் திருப்பி, கறுப்பு முனையை, எர்த்தோடு இணைந்த உலோகச் சட்டமான சேசிஸில் வைத்தேன். சிவப்பு ஒயர் மட்டும் ஆம்பியர் துளையிலேயே செருகிக் கிடந்தது. அப்படியானால் நான் செய்தது, 440 வோல்ட்டை ஒரு கம்பியால் எர்த்தில் கட்டியது. வெடிச் சத்தம், நீல வெளிச்சம், கையில் இருந்த முனையின் நுனியைக் காணவில்லை. மீட்டருக்குள் இருந்த மலிவான கண்ணாடி ஃபியூஸ் உடைந்தும் உள்ளே தீப்பொறி ஓடியிருந்தது. மீட்டர் போனது போனதுதான். இந்த முறையை அதோடு விட்டுவிட்டேன். பிறருக்குச் சொல்லிக்கொடுப்பதும் இல்லை.

வால்வுக்கும் அதன் சாக்கெட்டுக்கும் நடுவில் செருகும் அளவுக் கருவிகளும் கிடைக்கின்றன. அடித்தட்டைத் திறக்காமல் அளக்கலாம். வாங்கினால் அது கேத்தோடு ஓட்டத்தைக் காட்டுகிறதா, பிளேட் ஓட்டத்தைக் காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலானவை கேத்தோடையே காட்டும்.

பகிர்ந்துகொள்ளும் மின்தடையின் கதை தனி. டைனாக்கோ நிறுவனத்தின் ஸ்டீரியோ 70 என்ற புகழ்பெற்ற ஆம்ப்ளிஃபயர் 1959-இல் வந்தது. அதில் ஒரு பக்கத்தின் இரண்டு இஎல் 34-களும் சேர்ந்து 15.6 ஓம் மின்தடை ஒன்றில் முடிகின்றன. அங்கே 1.56 வோல்ட் வரும்படி திருக வேண்டும். அதாவது இரண்டுக்கும் சேர்த்து 100 மில்லி ஆம்பியர். புதிய உலர் மின்கலத்தின் மின்னழுத்தமும் ஏறக்குறைய இதுவே, ஆகவே துல்லியமான மீட்டர் இல்லாதவரும் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். அழகான யோசனை. அதே பாணியில் யாரோ கையால் கட்டிய ஆம்ப்ளிஃபயர் ஒன்று என்னிடம் வந்தது. இரு பக்கமும் 1.56 அச்சு மாறாமல் நின்றது. ஆனால் இடப்பக்கத்தில் ஒரு 'ம்ம்ம்' என்ற இரைச்சல்; தாழ்ந்த சுரங்களும் மெலிந்து கிடந்தன. மின்தடையைப் பிரித்து ஒவ்வொரு வால்வுக்கும் தனியாக ஒன்று போட்டு அளந்தேன். ஒன்றில் 68, மற்றொன்றில் 32. கூட்டினால் 100, குறையில்லை! தள்ளு இழு அமைப்பில் மின்வழங்கியின் இரைச்சல் இரு பாதிகளிலும் சமமாக ஓடினால்தான் ஒன்றையொன்று அழிக்கும். போதாக்குறைக்கு, இந்த டிரான்ஸ்ஃபார்மர்களின் இரும்பில் காற்றிடைவெளி விடுவதில்லை. சமமில்லாத நேர்மின்னோட்டம் இரும்பை ஒரு பக்கமாகக் காந்தமாக்கிவிடுகிறது. ஒத்துப்போகும் ஜோடியைப் போட்டதும் இரைச்சல் போய்விட்டது.

திருகும்போது இன்னொன்று: மின்னோட்டத்தைக் கூட்டினால் உயரழுத்தம் இறங்கும். முதல் வால்வைச் சரிசெய்தபோது 452 இருந்தது, நான்காவதை முடிக்கும்போது 440 ஆகியிருக்கும். ஆகவே ஒரு சுற்று முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. புது வால்வு போடும் முன் பயாஸ் திருகியை எதிர் மின்னழுத்தம் மிக அதிகமாக இருக்கும் கோடிக்குக் கொண்டுபோய்விட வேண்டும். திருகி மலிவானதாக இருந்து, திருகும்போது நகரும் அதன் நடுத்தொடுப்பு ஒரு கணம் விட்டுப்போனால் கிரிட்டுக்குக் கடிவாளமே இல்லாமல் போய்விடும். நடுத்தொடுப்பிலிருந்து எதிர்மின் கோடிக்கு ஒரு மின்தடையைப் போட்டுவைத்தால், தொடுப்பு விட்டாலும் வால்வு குளிர்ச்சியின் பக்கம் சாயும். காசு பெறாத வேலை. எனக்கு வந்த ஆம்ப்ளிஃபயர்களில் பாதியில் இதைக் காணோம்.

எண் எந்த நேரத்து எண் என்பதும் முக்கியம். போட்டு ஒரு நிமிடத்தில் பார்ப்பது எதற்கும் உதவாது. பத்தாவது நிமிடம், முப்பதாவது நிமிடம் என்று இரண்டு முறை எழுதிவைக்கிறேன். சுவர் மின்சாரத்தின் வோல்ட்டையும் பக்கத்தில் குறிக்கிறேன். அது ஏறினால் உள்ளே எல்லாமே ஏறும். நல்ல வால்வு அரைமணியில் ஓரிடத்தில் நின்றுவிடும். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால், ஒன்று வால்வுக்குள் வாயு சேர்ந்திருக்கிறது, அல்லது முந்தைய நிலையிலிருந்து ஒலியைக் கொண்டுவரும் மின்தேக்கி கசிகிறது. எது என்று அறிய அணைத்து, ஆறவிட்டு, இரண்டு வால்வுகளை இடம் மாற்றிப் போடுவேன். ஏற்றம் வால்வோடு போனால் குற்றவாளி வால்வு. சாக்கெட்டிலேயே தங்கினால் மின்தேக்கி.

போன வாரம் மூன்றாம் எண் சாக்கெட்டில் பத்தாவது நிமிடம் 43, முப்பதாவது நிமிடம் 46. நான்காம் வால்வை அங்கே மாற்றினேன். ஏற்றம் சாக்கெட்டிலேயே நின்றது. நேற்று உள்ளே நன்றாகச் சூடாகும்வரை ஓடவிட்டு, அணைத்து, அந்த வால்வைக் கழற்றிவிட்டு, 220 கிலோ ஓம் கிரிட் மின்தடையின் குறுக்கே கிளிப்புகளை மாட்டி மறுபடி மின்சாரம் கொடுத்தேன். வால்வு இல்லாதபோது அங்கே ஓட்டம் இருக்கக் கூடாது. சுழியம்தான் வர வேண்டும். 0.6 வோல்ட் வந்தது. இந்த முறை மீட்டர் எதைக் காட்டுகிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 0.1 மைக்ரோ ஃபாரட், 630 வோல்ட் மின்தேக்கிகள் இரண்டு மேசைமேல் இருக்கின்றன. பற்றவைப்புக் கோல் சூடாகிக்கொண்டிருக்கிறது.